நீல டிரம்மும் உள்தாழ்ப்பாளும்

2023 மார்ச் 13ஆம் தேதி இரவு, பெங்களூரு பையப்பனஹள்ளியில் இருக்கும் சர் எம். விஸ்வேஸ்வரய்யா முனையத்தின் வாசலருகே ஒரு பிளாஸ்டிக் டிரம் கேட்பாரற்றுக் கிடந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பெண்ணின் உடல். இரண்டு மாதத்துக்கு முன்பு, ஜனவரி 4ஆம் தேதி, யஷ்வந்தபுரம் நிலையத்தின் முதல் நடைமேடைக் கோடியில் ஒரு நீல டிரம் இருந்தது. அதற்குள்ளும் ஒரு பெண். அதற்கும் முந்தைய டிசம்பரில், பங்காருப்பேட்டையிலிருந்து வந்த மெமு ரயிலில் பயணிகளின் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒரு சாக்கு மூட்டை; அதிலும் ஒரு பெண். நாலு மாதத்துக்குள் மூன்று உடல்கள், மூன்றும் ரயிலடியில். செய்திச் சேனல்கள் 'சீரியல் கில்லரா?' என்று கேட்கத் தொடங்கின. கேள்விக்குறி சும்மா ஒப்புக்கு.

எனக்குத் தெரிந்த மென்பொருள்காரர் ஒருவர் ஒயிட்ஃபீல்டு பக்கம் குடியிருக்கிறார். வயதில் என்னைவிடப் பதினைந்து இருபது இளையவர். மார்ச் மாத டிரம் கிடைத்த மறுநாளே ஒரு எக்செல் தாள் திறந்துவிட்டார். தேதி, நிலையம், டிரம்மா சாக்கா, பெண்ணின் உத்தேச வயது, கட்டியிருந்த உடை, அந்த நேரத்தில் வந்துபோன ரயில்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். உடல்கள் கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்குள் ஹெப்பால், பானஸ்வாடி, கிருஷ்ணராஜபுரத்தின் ஒரு ஓரம் எல்லாம் விழுந்தன.

“சார், மூணுமே ஸ்டேஷன். மூணுமே பொம்பளைங்க. இந்த வட்டத்துக்குள்ளதான் அவன் இருக்கான்” என்றார்.

அவன் என்று அவர் சொன்னது எனக்கு உறைத்தது. ஒருமை. ஆண். முகவரிகூட ஏறக்குறைய வந்துவிட்டது. பெயர் ஒன்றுதான் பாக்கி.

ஓரிரு நாளில் ரயில்வே போலீசார் மூன்று பேரைக் கைது செய்தார்கள். முனைய வாசலில் கிடந்தவர் பீகாரிலிருந்து வந்த 27 வயதுப் பெண். பிடிபட்டவர்கள் உறவுக்காரர்கள். மறுமணத்தில் கிளம்பிய குடும்பப் பகை என்று போலீஸ் சொன்னது. தொடர் கொலை என்ற பேச்சுக்கு இடமில்லை என்றும் சொன்னது. சேனல்கள் அன்றே வேறு விஷயத்துக்குத் தாவின. நண்பருக்குத்தான் ஏமாற்றம். அதை அவர் மறைக்கக்கூட இல்லை. ஒரு பெண்ணை அவளுடைய வீட்டு ஆட்களே கொன்று டிரம்மில் அடைத்தார்கள் என்பது, ஊருக்குள் ஒரு மர்ம மனிதன் உலவுகிறான் என்பதைவிட ஏன் சப்பென்று இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் அவரிடம் அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

அவரைப் போன்றவர்களை எளிதாகக் கேலி செய்துவிடலாம். ஆனால் அவருடைய மூதாதையர்கள் பெரிய ஆட்கள். 1969 ஜூலைக் கடைசியில், கலிஃபோர்னியாவில் தன்னை ஸோடியாக் என்று அழைத்துக்கொண்ட கொலைகாரன் மூன்று பத்திரிகைகளுக்கு ஆளுக்கொரு துண்டாக 408 குறிகள் கொண்ட ஒரு மறைமொழியை அனுப்பினான். அதை உடைத்தது கடற்படையோ எஃப்.பி.ஐ.யோ அல்ல, சலீனாஸ் ஊரின் பள்ளி ஆசிரியர் டொனால்ட் ஹார்டனும் அவருடைய மனைவி பெட்டியும். இவன் அகம்பாவி, 'நான்' என்றுதான் தொடங்குவான், 'கொலை' என்ற சொல் கட்டாயம் வரும் என்று ஊகித்தவர் பெட்டி ஹார்டன். அதே ஆண்டு நவம்பரில் வந்த 340 குறிகள் ஐம்பத்தோரு வருஷம் யாருக்கும் மசியவில்லை. 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க மென்பொருள்காரர், ஓர் ஆஸ்திரேலியக் கணிதக்காரர், பெல்ஜியத்தில் கிடங்கு வேலை பார்த்துக்கொண்டே நிரல் எழுதிய ஒருவர் என மூவர் கூடி உடைத்தார்கள். லட்சக்கணக்கான வாசிப்பு முறைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, எழுத்துகள் மூலைவிட்டமாகச் சரிந்து போவதைக் கண்டுபிடித்தார்கள். பெங்களூரில் எந்த அடுக்ககத்திலும் அப்படிப்பட்ட மூவர் அகப்படுவார்கள்.

உடைத்த பிறகு கிடைத்தது என்ன? வீம்புப் பேச்சு. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஸோடியாக் யார் என்பது மறுநாளும் முந்தைய நாள் மாதிரியேதான் இருந்தது. ஆளறியாக் கொலையாளிகளில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவனுக்குத்தான் வாசகர் கூட்டம் சேர்கிறது. புதிர் போட்டால் விடுவிக்க ஆள் வருகிறது. கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த ராபர்ட் கிரேஸ்மித் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அவன் பின்னால் செலவழித்து ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டினார். அந்த மனிதர் 1992இல் இறந்தார். பிறகு நடந்த மரபணுச் சோதனை அவரோடு பொருந்தவில்லை. கிரேஸ்மித்தின் புத்தகம் இன்றும் விற்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் மிஷெல் மெக்நமாராவின் கதை இதைவிடக் கனமானது. குழந்தை தூங்கிய பிறகு மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்து, 1974 முதல் 1986 வரை கலிஃபோர்னியாவில் வீடு புகுந்து வல்லுறவும் கொலையும் செய்த ஒருவனைத் தேடினார். 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்ற பெயரே அவர் 2013இல் வைத்ததுதான். அதுவரை ஒரே ஆள் இரண்டு மூன்று ஊர்களில் இரண்டு மூன்று பட்டப்பெயர்களோடு பிரிந்து கிடந்தான். திருடுபோன ஒரு ஜோடி கஃப்லிங்க் போலவே இருக்கிறது என்று எங்கோ விற்பனைக்கு வந்த பழைய கஃப்லிங்குகளைக் காசு கொடுத்து வாங்கினார். 2016 ஏப்ரலில் 46 வயதில், புத்தகம் முடியாமலேயே தூக்கத்தில் இறந்தார். கூட இருந்தவர்கள் முடித்து 2018 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி, 72 வயதான ஜோசஃப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ பிடிபட்டான். முன்னாள் போலீஸ்காரன். மரபணுவை வம்சாவளித் தரவுத்தளத்தில் போட்டு, கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் வரை ஏறி, அங்கிருந்து கிளை கிளையாக இறங்கிப் பிடித்தார்கள். புத்தகம் நேரடியாக உதவவில்லை என்று காவல் அதிகாரிகள் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். துண்டு துண்டாகக் கிடந்த கோப்புகளை ஒரே பெயரின் கீழ் மக்கள் மனதில் கட்டிவைத்த வேலை சின்ன வேலையல்ல. அந்த அம்மாள் தேடியது கொலைகாரனை என்றாலும், அவருடைய எழுத்தில் தாக்கப்பட்டவர்களின் வீடும் படுக்கையறையும் தொலைபேசியும்தான் அதிகம் வருகின்றன.

தமிழில் இந்த மரபு நமக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்தே துப்பறிவாளர் நமக்கு உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர் இருந்தால் போதும். இதே பெங்களூரில் பி.இ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டு சுஜாதா கணேஷையும் வசந்தையும் எழுதினார். வழக்கறிஞர்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு கட்சிக்காரர் கட்டாயம் இருப்பார். யாரோ வந்து கதவைத் தட்டினால்தான் கதை நகரும். தொடர் கொலைகாரனைத் தேடும் அமெச்சூருக்குக் கட்சிக்காரர் கிடையாது. அவர் கதவை யாரும் தட்டவில்லை. இறந்தவர்கள் சார்பில் அவரே தன்னை நியமித்துக்கொள்கிறார். அந்த உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒழுங்கான பதில் இருக்காது. அதற்காக அது தவறு என்றும் சொல்லிவிட முடியாது.

இப்போது மெஜஸ்டிக்குக்கு வருவோம்.

மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இறங்காத தமிழன் பெங்களூரில் குறைவு. கே.எஸ்.ஆர்.டி.சி. பக்கம், வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் வரிசைகள், பெட்டிக்கடை, கட்டணக் கழிப்பறை, வாசலில் மேசை போட்டுச் சில்லறை வாங்கும் ஆள். எதிர்ப்புறத் தெருக்களில் மணிக்கணக்குக்கும் நாள்கணக்குக்கும் அறை தரும் லாட்ஜுகள். இந்த மாதிரிக் கழிப்பறைகளில்தான் இங்கும் மைசூரிலும் மடிக்கேரியிலும் ஹாசனிலும் 2003 முதல் 2009 வரை பெண்கள் இறந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் இளம்பெண்கள். பெரும்பாலும் கல்யாணப் பெண் போல நல்ல புடவை கட்டியிருந்தார்கள். உடம்பில் நகை இல்லை. கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. கதவை நெம்பித் திறந்தவர்களுக்கு அந்தத் தாழ்ப்பாள் ஒன்றே போதுமானதாக இருந்தது. உள்ளே தாழிட்டிருந்தால் தற்கொலை. அவ்வளவுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவில் ஒரு சந்தேக மரணப் பதிவு, பிணவறையில் சில நாள், உரிமை கோர ஆள் வராவிட்டால் அடக்கம்.

இருபது பெண்கள். ஒருவன் கை.

மோகன் குமார் தட்சிண கன்னட மாவட்டத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவன். இருபத்தைந்து முப்பது வயதாகியும் வரதட்சணை கொடுக்க முடியாமல் வீட்டில் நின்றுபோன ஏழைப் பெண்களாகப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பான். பீடி சுற்றுகிறவர், விடுதியில் சமைக்கிறவர், அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். அரசு வேலையில் இருப்பதாகச் சொல்வான். பெண்ணின் சாதி எதுவோ அதுவே தன் சாதி என்பான்; பெயரும் அதற்கேற்ப மாறும். வரதட்சணை வேண்டாம், இருக்கிற நகையைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும், கோயிலில் தாலி கட்டுகிறேன் என்பான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் ஓர் இரவு. விடிந்ததும், நகையை அறையிலேயே வைத்துவிட்டு வா, ஓர் இடம் போய்வருவோம் என்று நிலையத்துக்கு அழைத்துவருவான். கர்ப்பம் தங்காமல் இருக்க மாத்திரை என்று ஒன்றைக் கையில் கொடுப்பான். குடித்ததும் குமட்டும், கழிப்பறைக்குள் போய்ச் சாப்பிடு என்று சொல்லி அனுப்புவான். பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாள். எந்தப் பெண்ணும் போடத்தானே செய்வாள்? அவன் திரும்பிப் போய் நகையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவான். பொட்டாசியம் சயனைடை நகைத் தொழிலாளி என்று சொல்லி வாங்கியிருந்தான்.

ஸோடியாக்கின் மறைமொழியைவிட இது எனக்குப் பயங்கரமாகப் படுகிறது. இதில் புதிரே இல்லை. காவல் நிலையக் கோப்பு எந்த இடத்தில் மூடப்படும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. காணாமல் போன புகார் பந்த்வாலிலோ சுள்ளியாவிலோ காசர்கோட்டிலோ கிடக்கும். பல வீடுகளில் அதுவும் கிடக்காது, மகள் ஓடிப்போனாள் என்ற அவமானத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். உடல் மைசூரிலோ பெங்களூரிலோ கிடக்கும். மெஜஸ்டிக்கை ஒட்டிய உப்பார்பேட்டை நிலையத்துக் காவலருக்கு அவள் பெயர் தெரியாது. அவள் ஊர்க் காவலருக்கு அவள் இறந்தது தெரியாது. அந்த இரண்டு தாள்களும் ஒரே மேசைக்கு வராதவரை அவன் கண்ணுக்குத் தெரியாதவன்.

வந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும், அதில் பெருமைப்பட அதிகமில்லை. 2009 ஜூனில் பந்த்வால் வட்டத்தில் ஓர் இளம்பெண் காணாமல் போனாள். வேற்று மதத்துப் பையனோடு ஓடிவிட்டாள் என்று ஊரில் கிளப்பிவிட்டார்கள். காவல் நிலையத்தைக் கூட்டம் முற்றுகையிட்டது. கலவர பயத்தில்தான் போலீசார் முழு மூச்சாக இறங்கினார்கள். அவளுடைய செல்போன் அழைப்புப் பட்டியலை எடுத்தார்கள். அதிகம் பேசிய எண் இன்னொரு பெண்ணின் பெயரில் இருந்தது. விசாரித்தால் அந்தப் பெண்ணும் வீட்டில் இல்லை, காணாமல் போய் மாதக்கணக்காகிறது. அவளுடைய பட்டியலை எடுத்தால் மூன்றாவது ஒருத்தி, அவளும் இல்லை. இறந்த பெண்களின் செல்போன்களையே அடுத்த பெண்ணோடு பேசப் பயன்படுத்தியிருக்கிறான். கடைசியில் அப்படிப்பட்ட ஒரு போன் மங்களூரை ஒட்டிய தேரளகட்டே பக்கம் உயிரோடு இருந்தது. வைத்திருந்த இளைஞன், மாமா கொடுத்தார் என்றான். அக்டோபரில் மோகன் குமார் கைதானான்.

யாரோ ஒரு காவலர் அந்தப் பட்டியல்களை வரிவரியாக, விரலை வைத்துப் படித்திருக்கிறார். தமிழ் சினிமாவில் இந்தக் காட்சி ஒரு பாட்டின் நடுவே இரண்டு நொடி வரும். ஹிந்தியில் 'தஹாட்' என்று 2023இல் இதைத் தழுவி ஒரு தொடர் வந்தது. அங்கும் கொலைகாரனின் குளிர்ந்த முகத்துக்குத்தான் கேமரா அடிக்கடி போகிறது. நிஜ மோகன் குமார் நீதிமன்றத்தில் வக்கீல் வேண்டாம் என்று தானே வாதாடினான். சாட்சிகளைத் தானே குறுக்கு விசாரணை செய்தான். வாத்தியார் புத்தி. மாத்திரை சாப்பிட்டும் பிழைத்த ஒரு பெண் சாட்சி சொன்னார். 2013 டிசம்பரில் முதல் தண்டனைகள் வந்தன, 2020 ஜூனில் இருபதாவது வழக்கிலும் தீர்ப்பு வந்து முடிந்தது.

அதே பத்தாண்டுகளில் பெங்களூரைச் சுற்றி இன்னொரு சயனைடு கதையும் ஓடியது. கே.டி. கெம்பம்மா கோயில்களில் கவலையோடு வரும் பெண்களிடம் நெருங்கி, விசேஷ பூஜை என்று தனியாக அழைத்துப்போய்த் தீர்த்தத்தில் விஷம் கலந்து கொடுத்தார். 1999இல் ஒரு கொலை, பிறகு 2007இன் கடைசி மூன்று மாதங்களில் அடுத்தடுத்து ஐந்து. ஊர் ஊராக வேறு வேறு கோயில் விடுதிகள், வேறு வேறு காவல் நிலையங்கள். அந்த டிசம்பர் முடிவில் பிடிபட்டார். தமிழ்நாட்டில் அவரைப் பலர் கேள்விப்பட்டதே 2017இல்தான், வி.கே. சசிகலா பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனபோது பக்கத்து அறையில் 'சயனைடு மல்லிகா' என்ற பட்டப்பெயரோடு அவர் இருப்பதாகச் செய்தி வந்தது, பிறகு அவரைப் பெலகாவி சிறைக்கு மாற்றினார்கள். ஆறு பேரின் சாவு நமக்கு அரசியல் துணுக்காக வந்து சேர்ந்தது.

வான்கூவரிலும் இதே கதைதான். கொலை நடந்த இடங்களை வைத்துக் கொலையாளியின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறையை வகுத்தவர் கிம் ராஸ்மோ என்ற காவல் அதிகாரி. என் நண்பர் போட்ட வட்டத்துக்கும் அவர்தான் குரு. நகரத்தின் ஏழைப் பகுதியிலிருந்து பாலியல் தொழில் செய்த பெண்கள், அதிலும் பூர்வகுடிப் பெண்கள் பலர், வரிசையாகக் காணாமல் போகிறார்கள், பின்னால் ஒரு தொடர் கொலைகாரன் இருக்கக்கூடும் என்று 1990களின் கடைசியில் அவர் தன் துறையிடம் சொன்னார். துறை காதில் வாங்கவில்லை. அப்படிப்பட்ட பெண்கள் எங்காவது போயிருப்பார்கள் என்றது. பன்றிப் பண்ணைக்காரன் ராபர்ட் பிக்டன் 2002இல்தான் கைதானான். அங்கே ராஸ்மோவின் ஊகம் சரியாக இருந்தது. காணாமல் போனவர்களைத் துறை எண்ணவில்லை.

எண்ணாமல் விட்டதற்கு நம் நாட்டில் கல்கத்தா ஒரு சாட்சி. 1989இல் சில மாதங்களுக்குள் நடைபாதையில் தூங்கியவர்கள் 13 பேரைப் பெரிய கல்லைத் தலையில் போட்டுக் கொன்றார்கள் அல்லது கொன்றான். அதற்குச் சில வருஷம் முன்பு பம்பாயில் சயான், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இதேபோல் ஒரு டஜன் பேர். இரண்டிலும் ஆள் அகப்படவே இல்லை. ஒரே கைதானா என்பதும் முடிவாகவில்லை. 'ஸ்டோன்மேன்' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. சினிமா எடுத்தார்கள். ஸோடியாக்குக்கு அலைந்தது போல ஸ்டோன்மேனுக்குத் தூக்கம் கெட்ட அமெச்சூர்கள் எத்தனை பேர்? கொல்லப்பட்டவர்களில் பலருக்குப் பெயரே கோப்பில் ஏறவில்லை. எங்கிருந்து வந்தார், யாருக்கு என்ன ஆவார், நேற்று யாரோடு பேசினார் என்ற எந்த நூலும் இல்லாதபோது கொலைகாரனைச் சென்று தொடும் நூல் எங்கே இருக்கும்?

என் வாதம் இதுதான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆளறியாக் கொலைகாரன் நம் ஊர்களில் தன் சாமர்த்தியத்தால் ஒளிந்திருப்பது குறைவு. ஆளறியாப் பிணங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். அமெச்சூர் துப்பறிவாளர் முதலில் அவனுடைய முகத்தை வரையப் பார்க்கிறார். பிணத்தின் பெயரை எழுதுவது அவருக்குப் பிற்பாடு.

முகத்தை முதலில் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு வேடிக்கை நடந்தது. 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்தது. கொலை, திருட்டு, போதைமருந்து, எல்லாவற்றிலும் அவள். 2007இல் ஹைல்பிரோன் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக்கொல்லப்பட்ட இடத்திலும் அவள். மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள். 2009இல் குட்டு வெளிப்பட்டது. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளை அடைத்துக்கொடுத்த தொழிற்சாலைப் பெண்ணின் மரபணு அது. அத்தனை நாள் போலீஸ் தன் பஞ்சுக்குச்சியையே துரத்தியிருக்கிறது. அந்தக் காவலரைக் கொன்றது ஒரு நவநாஜிக் கும்பல் என்பது 2011இல் தெரிந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி.

பயிற்சி இல்லாதவர்கள் இறங்கினால் வேடிக்கையாகவும் முடியாது. 2018 மே மாதம் தென்னிந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு முகமற்ற ஆள் உலவினான், பிள்ளை பிடிக்கிறவன். மே 9 அன்று போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்து, தெருப்பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். மே 23 அன்று பெங்களூரு சாமராஜபேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைப்புக்கு வந்த 26 வயது இளைஞனைக் கயிற்றால் கட்டி இழுத்து அடித்தார்கள், அவன் பிழைக்கவில்லை. அடித்தவர்களைக் கேட்டால் நாங்கள் துப்புத் துலக்கினோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். புது முகம், வேற்று மொழி, கையில் சாக்லேட்: மூன்று தடயமும் பொருந்தின.

அமெச்சூரே வேண்டாம் என்கிறேனா? இல்லை. டாட் மேத்யூஸைப் பாருங்கள். அமெரிக்காவில் டென்னசியில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. 1968இல் கென்டக்கியில் சாலையோரம் கூடாரத்துணியில் சுற்றிய ஓர் இளம்பெண்ணின் உடலை ஒருவர் கண்டெடுத்தார். யாரென்று தெரியாமல் 'டென்ட் கேர்ள்' என்று பெயரிட்டுப் புதைத்தார்கள். கண்டெடுத்தவரின் மகளைப் பின்னாளில் மேத்யூஸ் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் சொன்ன கதை அவரை விடவில்லை. கொன்றவன் யார் என்பதை விட்டுவிட்டு, இவள் யார் என்று தேடினார். பல வருஷம், வேலை முடிந்த ராத்திரிகளில், காணாமல் போனவர்களின் பட்டியல்களை ஒவ்வொன்றாக வாசித்தார். 1998இல், முப்பது வருஷத்துக்கு முன் காணாமல் போன தன் அக்காவைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண் கொடுத்த விவரம் கண்ணில் பட்டது. தோண்டி எடுத்து மரபணு பார்த்தார்கள், பொருந்தியது. பெயர் தெரிந்ததும் சந்தேகம் கணவன் மேல் போனது. ஆனால் அவன் 1987இலேயே இறந்திருந்தான். அது தொடர் கொலையும் அல்ல, புதிரும் அல்ல. மேத்யூஸ் பிறகு அந்நாட்டின் காணாமல் போனோர், ஆளறியாப் பிணங்கள் பதிவகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

நம் பக்கம் இந்த வேலையை யாரும் கேட்காமலே செய்கிறவர்கள் உறவினர்கள்தான். பெங்களூரில் காவல் நிலையச் சுவரையோ பேருந்து நிலையத் தூணையோ ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கண் மூடிய முகம் ஒன்று மங்கலான அச்சில் இருக்கும். கீழே கன்னடத்தில் விவரம்: முகம் கோல்முகம் அல்லது உருண்டை முகம், நிறம் எண்ணெய்ச் சிவப்பு, உடல்வாகு சாதாரணம், உயரம் இத்தனை அடி, நீலக் கட்டம் போட்ட சட்டை, வலது கையில் அம்மா என்று பச்சை. தமிழ்நாட்டுப் பத்திரிகையில் வரும் அறிவிப்பும் இதே அச்சுதான். பாதி ஊருக்குப் பொருந்தும் வருணனை. ஓசூரிலிருந்தோ கே.ஜி.எஃப்.பிலிருந்தோ புகைப்படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வரும் அண்ணனோ தாயோ அதன் முன் நின்று, பச்சை வலது கையா இடது கையா என்று யோசிப்பதைப் பார்க்கலாம். அவர்கள் எழுதியது கர்நாடகத்தில் ஒட்டப்படாது, இங்கே ஒட்டியது கிருஷ்ணகிரிக்குப் போகாது. மாநிலங்களை இணைக்கும் காவல் கணினி வலைக்கு 2009இல் ஒப்புதல் கிடைத்தது. மோகன் குமார் பிடிபட்ட அதே வருஷம். 2024 ஜூலையில் சட்டங்கள் பெயர் மாறி 174ஆம் பிரிவு 194 ஆகிவிட்டது. ஆனாலும் உள்ளே தாழிட்ட கதவைக் கண்ட காவலரின் முதல் ஊகம் எண்ணோடு சேர்ந்து மாறிவிடாது.

நண்பரிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். எக்செல் தாளில் கொலைகாரனுக்கு ஒதுக்கிய கட்டங்களை எடுத்துவிட்டு, காணாமல் போனோர் பட்டியலைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஏற்றிப் பாருங்கள். பச்சை குத்திய கை, உடைந்த பல், அறுவைத் தழும்பு என்று பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் உள்ளூர் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், வேறு யார் காதிலும் போட வேண்டாம் என்றேன்.

“சார், இது கிளார்க் வேலை” என்றார்.

“மங்களூர்ல செஞ்சதும் கிளார்க் வேலைதான். போன் நம்பர் படிச்சாங்க.”

“அங்க கடைசியில ஒருத்தன் கிடைச்சானே.”

கிடைத்தான், மறுக்கவில்லை. இருபது பெண்களில் எத்தனை பேரை வீட்டார் அதற்கு முன்பே தேடி வந்திருந்தால் அவன் எத்தனையாவது பெண்ணோடு அகப்பட்டிருப்பான் என்று கணக்குப் போடச் சொன்னேன். கணக்கு என்றதும் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தெலுங்குப் பட்டியலுக்கு ஆள் வேண்டும், தனக்குப் படிக்க வராது என்றார்.